ரத்தினம் அண்ணனின் சுண்டுவிரல்

ரத்தினம் அண்ணன் போய்விட்டார். இன்று விடியற்காலை... நெஞ்சுவலி. யாங்கோன் லான்மடாவில் எங்கள் தெருமுனையில் டீக்கடை வைத்திருந்தவர்.

விடிந்ததிலிருந்து என் டைம்லைன் முழுக்க மெழுகுவர்த்தி. "ஆழ்ந்த இரங்கல்", "தங்கமான மனுஷன்"... யார் யார் போட்டிருக்கிறீர்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்தேன்.

தேர்தல் முடிந்ததிலிருந்து அந்தக் கடைக்குள் நீங்கள் யாரும் கால் வைக்கவில்லை. இப்போது எதற்கு மெழுகுவர்த்தி?

ஃபேஸ்புக் இங்கே தடை, விபிஎன்னும் அறுந்து அறுந்து வருகிறது. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களை நான் பொறுப்பதாக இல்லை.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். யாங்கோனில் எங்கள் தமிழ்த் தெருவின் ஓட்டு எப்போதும் மொத்தமாக ஒரே பக்கம்தான் விழும். முன்பெல்லாம் யார் ஆள்கிறார்களோ அவர்கள் பக்கம்... "நமக்கு எதுக்கு வம்பு" என்பதுதான் எங்கள் கட்சி. கோவில் மண்டபத்தில் பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். தெரு முழுக்க அவர்கள் சொன்ன இடத்தில் சீல் குத்தும்.

அதை முதலில் உடைத்தவர் ரத்தினம் அண்ணன். நடுக்கூட்டத்தில் எழுந்தார். "நான் சாமி கும்பிடத்தான் கோவிலுக்கு வர்றேன். சீல் எங்க குத்தணும்னு என் கைக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். பெரியவர்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

அதற்கு அடுத்த தேர்தலில் தெருவே அவர் பக்கம் சாய்ந்தது. செல்லாது என்று ராணுவம் கவிழ்த்ததே, அந்தத் தேர்தல்தான். சுண்டுவிரலில் மையோடு வந்த அத்தனை பேருக்கும் அன்று அவர் கடையில் டீ ஓசி. "விரலக் காட்டு, டீயக் குடி!" என்று கத்திக்கொண்டே ஆற்றினார்.

அன்று அங்கே செல்ஃபி எடுத்த பாதிப் பேர்தான் இன்று இரங்கல் போட்டிருக்கிறீர்கள்.

இப்போது அதே ராணுவம் நடத்திய தேர்தலுக்கு யாரும் போகக் கூடாது என்று தெருவில் பேசி முடிவானது. மண்டபம் இல்லை, பெரியவர்கள் இல்லை, பழக்கம் மட்டும் அதே பழக்கம். நானும் போகவில்லை. போகாதது சரி என்றுதான் இப்போதும் சொல்வேன்.

அண்ணன் போனார். தனியாகப் போய் மெஷினில் பட்டனை அழுத்திவிட்டு, மை விரலோடு வந்து கடையைத் திறந்தார்.

மறுநாளிலிருந்து கடை காலி. சோஷியல் பனிஷ்மென்ட்டாம்! துப்பாக்கி வைத்திருப்பவர்களின் குடும்பத்தை ஒதுக்கி வைக்க நாம் கொண்டுவந்த வழக்கம் அது. அவர்களை நெருங்க முடியவில்லை... டீ ஆற்றுகிறவர் கைக்கு எட்டினார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி.

நான் லைங் தாயா போகிற ஃபெர்ரிக்கு நிற்பது அந்தக் கடை வாசலில். கார்மென்ட் கம்பெனி பஸ்ஸுக்கு இங்கே அதுதான் பெயர். ஒரு நாள் உள்ளே போய் உட்கார்ந்து நேராகவே கேட்டேன், சண்டைக்குப் போகிற குரலில்.

"ஏண்ணே போனீங்க? நீங்களா போனீங்க?"

"மா வள்ளி, கத்தாத." பர்மிய வழக்கப்படி என் பெயருக்கு முன்னால் 'மா' போட்டு, கிளாஸைக் கழுவிக்கொண்டே குனிந்தபடி சொன்னார். "வார்டு ஆபீஸ் ஆளு வந்தான். ஓட்டுக்கு வராத வீட்டுப் பையன்தான் கட்டாயப் பட்டாளத்துக்கு முதல்ல போவான்னு சொன்னான். எனக்கு இருக்கறது ஒரே பையன், முருகன்."

"இத நாலு பேர்கிட்ட சொல்லலாம்ல?"

"சொன்னா அவன் காதுக்குப் போவும். போனா முருகனத்தான் தூக்குவான். விடு... சூடா பலாட்டா ஒண்ணு போடவா?"

அவர் கேட்டுக்கொண்டதால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

போன மாதம் முருகனைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா ஓட்டுப் போட்டிருந்தும். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

அன்றைக்கு நம் தெருவில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "அவருதான் ஓட்டுப் போட்டாருல்ல, அவங்களே காப்பாத்துவாங்க." அண்ணன் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னார். யார் என்று எனக்குத் தெரியும். உங்கள் மெழுகுவர்த்தியையும் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் அண்ணன் தினமும் கடையைத் திறந்தார். யாரும் உட்காராத டேபிளைத் துடைத்துக்கொண்டு நிற்பார். என்னைப் பார்த்தால் "கேம்ப்ல இருந்து போன் கீன் விடுவாங்களாம்மா?" என்று மட்டும் கேட்பார். எனக்கு என்ன தெரியும்...

இன்று மதியம் சாவு வீட்டுக்கு எல்லோரும் வந்தீர்கள். இங்கே சாவு வீட்டில் வைக்கிற சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே, கொள்ளி யார் வைப்பது என்று கவலைப்பட்டீர்கள். முருகனுக்கு லீவு கிடையாதாம். அவனுக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்பதுகூடத் தெரியவில்லை.

"பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கு வர்றதா?" என்று அண்ணன் மகளைப் பார்த்தபடி கோவில் பெரியவர் ஒருவர் ஆரம்பித்தார். "எல்லாரும் சேர்ந்து பேசி ஒரு முடிவு எடுப்போம்."

அவள் அந்த முடிவுக்குக் காத்திருக்கவில்லை. கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கி நடந்துவிட்டாள். நான் அவள் பின்னால் போனேன்.

அண்ணே, போய்ட்டு வாங்க. முருகன் திரும்பி வந்தா, எங்க வீட்ல அவனுக்குச் சோறு இருக்கு.