பூஜ்யம் மில்லி

முட்டாள்தனம் சிலருக்குப் பிறவியிலேயே வந்துவிடுகிறது. நான் படித்து வாங்கினேன். ஒரு மனிதரின் சிறுநீரை மூன்று மணி நேரம் நானே அடைத்து வைத்தேன். அது ஏன் வரவில்லை என்பதற்கு மூன்று வகைக் காரணங்களை அவருடைய கட்டிலருகில் நின்று வரிசையாக ஒப்பிக்கவும் செய்தேன். மூன்றாவது வகையில் என் விரல்தான் இருந்தது. அதை மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று.

காரைக்காலில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் முப்பத்தெட்டுப் பெண்கள், நான் ஒருவன். அதனால் கடைக்குப் போகிற வேலை எல்லாம் என் தலையில் விழும். சிறுநீரகப் பாடம் தொடங்கிய அன்று மார்க்கெட்டுக்குப் போய் ஆட்டுக் கிட்னி வாங்கி வரச் சொன்னார்கள். வறுவலுக்கா குழம்புக்கா என்று கறிக்கடை பாய் கேட்டார். பாடத்துக்கு என்றேன். படிக்கிற பிள்ளைக்கு என்று ஒன்றைக் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார். டீச்சர் அதை நீளவாக்கில் அறுத்து, டெட்டால் போட்டுத் துடைத்த மேசையில் வைத்தார். ஜன்னல் வழியாக அரசலாற்றுக் காற்று வந்துகொண்டிருந்தது. வெளிப்புறச் சதை, உள்ளே கோபுரம் கோபுரமாக நிற்கும் பகுதி, நடுவில் சிறுநீர் வந்து சேரும் புனல் என்று ஒவ்வொன்றையும் கத்தி முனையால் தொட்டுக் காட்டினார். இப்போதும் டெட்டால் பாட்டிலைத் திறந்தால் எனக்கு அந்த அறைதான் மூக்கில் ஏறுகிறது.

அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல். சிறுநீரை வடிக்கும் நெஃப்ரான் குழலின் படத்தைக் கோலம் போடுவதுபோல ஒரே இழுப்பில் வரைவேன். சிறுநீர் வராமல் போனால் கோளாறு கிட்னிக்கு முன்னாலா, கிட்னியிலா, கிட்னிக்குப் பின்னாலா என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். முன்னால் என்றால் ரத்த ஓட்டம் போதவில்லை. கிட்னியில் என்றால் கிட்னியே பழுது. பின்னால் என்றால் வழியில் அடைப்பு. இவ்வளவு தெரிந்தவனை வார்டுக்குள் விட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

ஆண்கள் வார்டில் என் பொறுப்பில் இருந்தவர் பக்கத்துப் போலகம் ஊர் விவசாயி, அறுபதைத் தாண்டியவர். புராஸ்டேட் சுரப்பி வீங்கி, ஒரு ராத்திரி முழுக்கச் சிறுநீர் அடைத்துக்கொண்டு, மனைவியோடு வந்து சேர்ந்தார். குழாய் செருகிப் பையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அடைத்த நீர் பின்வாங்கிக் கிட்னியைத் தாக்கியிருந்ததால் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறியிருந்தது. மணிக்கு மணி எவ்வளவு வருகிறது என்று அளந்து எழுதுங்கள், நன்றாக வந்தால் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம், குறைந்தால் பாண்டிக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் பாண்டிதான். அதற்குத் இடையில் கிடக்கும் தமிழ்நாட்டுப் பகுதியைத் தாண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும்.

விவசாயிக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கடைமடை ஊருக்கு அது வந்து சேர்வதே பெரிய விஷயம். நாற்று தயாராக நிற்கிறது. படுத்தபடியே தம்பிக்குப் போன் போட்டு, வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கும், இறங்கிப் பார் என்று விரட்டிக்கொண்டிருந்தார். நாளை மறுநாள் வந்துவிடுவேன் என்று போனை வைக்கும்போதெல்லாம் சொல்வார்.

காலை ஒன்பது மணிக்கு அவரை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஸ்ட்ரெச்சரில் பையை அவர் காலடியில் வைக்க வேண்டியிருந்தது. சிறுநீர் திரும்பி உள்ளே போகக் கூடாதே என்று குழாயில் இருந்த வெள்ளைக் கிளிப்பை அழுத்தி மூடினேன். புத்தகத்தில் போட்டிருந்தபடி அழகாகச் செய்தேன். திரும்பி வந்ததும் பையைக் கட்டிலோரம் மாட்டி, போர்வையை இழுத்துவிட்டு, சுருக்கத்தைக்கூட நீவிவிட்டேன். கிளிப் போர்வைக்குள் போய்விட்டது.

பத்து மணிக்குப் பையில் புதிதாக ஒன்றும் இல்லை. பூஜ்யம் என்று எழுதினேன். பதினோரு மணிக்கும் பூஜ்யம். அடிவயிறு கனக்கிறது என்றார். குழாய் உள்ளே இருந்தால் அப்படித்தான் தோன்றும் என்று தைரியம் சொன்னேன். பன்னிரண்டுக்கு மூன்றாவது பூஜ்யம். அவர் காரணம் கேட்டார். கிட்னிக்கு முன்னால், கிட்னியில், கிட்னிக்குப் பின்னால் என்று விரல் மடக்கி விளக்கினேன். கணவனும் மனைவியும் மந்திரம் கேட்பதுபோலக் கேட்டார்கள்.

சார்ட்டை எடுத்துக்கொண்டு வார்டு சிஸ்டரிடம் ஓடினேன். அவர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த வேறொருவருக்கு ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டிருந்தார்.

“ட்யூப்பெல்லாம் பாத்தியா?”

“பாத்துட்டேன் சிஸ்டர்.”

பார்த்தது பையை. அந்த வார்த்தையை நம்பி அவர் டாக்டருக்குப் போன் செய்தார். அரை மணியில் வருகிறேன், பாண்டிக்குப் போகத் தயாராக இருக்கச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. அதை அவர்களிடம் சொல்லும் வேலையும் எனக்குத்தான் கிடைத்தது.

கேட்டதும் விவசாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினார். தம்பியின் போன் வந்தது, எடுக்கவில்லை. மனைவி பிளாஸ்க்கையும் வேட்டியையும் கட்டைப்பையில் வைத்தார். பிறகு மெதுவாக என்னைக் கேட்டார்:

“தம்பி, பாண்டிக்குப் போனா திரும்பி அழச்சிட்டு வந்துரலாங்களா?”

ஏதாவது செய்தால் தேவலை என்று ஸ்ட்ரெச்சருக்குத் தோதாகப் போர்வையை விலக்கினேன். அவர் தொடையோரம் அந்த வெள்ளைக் கிளிப் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தது.

திறந்தேன். தடதடவென்று பையில் இறங்கியது. நானூறு மில்லிக்கு மேல். அவர் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். அந்தம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“கைராசிக்காரப் புள்ளப்பா நீ.”

இப்போது டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். அங்கே எல்லாவற்றையும் மெஷினே அளந்து சொல்லிவிடுகிறது. ஆனாலும் அந்த வார்டும், பென்சிலால் கோடு போட்ட அந்தச் சார்ட்டும், பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் தூக்குச்சட்டியைத் திறக்கும்போது எழும் மீன்குழம்பு வாசனையும் அவ்வப்போது வந்து என்னை இழுக்கும். மஞ்சள் நிறத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அதோடு, அன்று அந்தக் கைராசிப் பட்டத்தை வைத்துக்கொள்ள அரை நிமிடம் ஆசைப்பட்டதையும் மறைக்க மாட்டேன். யாரும் பார்க்கவில்லை. கிட்னி தானாகத் தேறியது என்று எழுதினால் முடிந்தது.

ஆனால் சார்ட்டில் அந்த மூன்று பூஜ்யங்கள் இருந்தன. டாக்டர் வந்து அவற்றைத்தான் படிப்பார். படித்தால் பாண்டிதான். சிஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. முதலில் வந்து விவசாயியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். டாக்டரிடம் போனில் விஷயத்தைச் சொன்னார். பூஜ்யங்களுக்குப் பக்கத்தில் ‘குழாய் மூடியிருந்தது’ என்று என்னையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு, அவர்களிடமும் நீயே போய்ச் சொல் என்று அனுப்பினார்.

டாக்டர் வந்து பார்த்தார். இனி வருவதைச் சாயங்காலம் வரை அளந்து பார்ப்போம், பாண்டி வேண்டாம் என்றார். அவர் போன பிறகு கட்டிலருகில் நின்று, கிளிப்பை மூடியதும் மறந்ததும் நான்தான் என்று சொன்னேன். சற்று முன் மூன்று வகைக் காரணம் சொன்ன நாக்கு, இந்த ஒன்றைச் சொல்வதற்குள் நாலு இடத்தில் தடுக்கியது. அந்தம்மா கட்டைப்பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்துத் திரும்ப மேசையில் வைத்தார். விவசாயி குழாயைக் கையில் எடுத்து, அந்தக் கிளிப்பைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“தண்ணி வரலன்னா நாங்க மொதல்ல மதகத்தான் பாப்போம் தம்பி.”