ஜேனு என்றால் தேன்

கல்யாணமாகி பெங்களூருக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. கடைத்தெருக் கன்னடம் வந்துவிட்டது என்ற மிதப்பு எனக்கு. அந்தச் சமயத்தில்தான் ஆனேக்கல் பக்கம் மரங்களை வெட்டாமல், அவற்றைச் சுற்றியே வீடு கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனோம்.

மாதிரி வீட்டின் கூடத்தில் ஒரு புங்கமரம் கூரையைத் தாண்டி நின்றது. மேலே அதைச் சுற்றிக் கண்ணாடிக் கதவுகள். இழுத்துத் திறக்க ஒரு கயிறு. கணவர் அங்கிருந்த ஆபீஸில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மூன்று வயது மகளும் மட்டும் உள்ளே.

தோளில் கம்பளியோடு தோட்டக்காரர் ஒருவர் வாசலுக்கு ஓடிவந்து, “மேடம், ஜேனு! ஜேனு!” என்றார். ஜேனு என்றால் தேன். விற்க வந்திருக்கிறார் என்று நினைத்து, “பேடப்பா” என்று கையை ஆட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தேன்.

கன்னடத்தில் தேனீக்கும் அதே பெயர்தான்.

கதவு கிளையில் மோதியது. கறுப்புத் துணி அவிழ்ந்து விழுந்ததுபோல் கூட்டம் இறங்கியது. அந்த இரைச்சல் வெளியே கேட்டதா, என் தலைக்குள் கேட்டதா, தெரியவில்லை. நினைவு வந்தபோது நான் வெளியே புல்தரையில் நின்றிருந்தேன். மகள் உள்ளே இருந்தாள். “அம்மா!” என்று அவள் அலறியும் என் கால்கள் நகரவில்லை. என்னைத் தாண்டி உள்ளே ஓடிய அந்த மனிதர்தான் அவளைக் கம்பளியில் சுருட்டித் தூக்கிவந்தார்.

அவளுக்குக் கணுக்காலில் ஒரே ஒரு கொட்டு. அவருக்கு முகமே வீங்கிவிட்டது. பதறி ஓடிவந்த என் கணவரிடம், “மேடமே மகுன நன் கைலி கொட்ரு, சார்” என்றார். குழந்தையை நானே அவர் கையில் கொடுத்தேனாம்.

இப்போது கன்னடம் சரளமாகப் பேசுகிறேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கணவரிடம் இன்னும் திருத்தவில்லை.