நாற்பத்திரண்டு படிவங்கள்

என் ஆய்வுக்கு முதலில் வழிகாட்டியாக இருந்தவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டால் மனம் லேசாகும் என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். பழிவாங்கிய அன்றே அது லேசாகிவிட்டது என்று அவரிடம் சொன்னேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

அப்போது திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணினித் துறையில் இருந்தேன். சூரமங்கலத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போவேன். ஐந்து வருடத்துக்குள் முனைவர் பட்டம் வாங்காதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. என் ஆய்வு, கிராமத்துப் பெண்கள் இணையத்தில் எப்படிப் பொருள் வாங்குகிறார்கள் என்பது. கல்லூரிக்கு வருவதற்கு முன் பெங்களூரில் இரண்டு வருடம் அப்படிப் பொருள் வாங்கும் செயலிகளுக்குத்தான் நிரல் எழுதினேன். யாருக்காக எழுதுகிறோம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த உறுத்தலில் எடுத்த தலைப்பு.

மல்லசமுத்திரம் பக்கம் ஓர் ஊரைப் பிடித்தேன். ஆண்களில் பாதிப்பேர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடமாநிலங்களில் இருப்பார்கள். வீடுகள் தோட்டத்துக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி இருக்கும். மெயின் ரோட்டில் தையல் கடை வைத்திருந்த ஓர் அக்கா, "ஃபாரத்த இங்கயே வெச்சுட்டுப் போ சாமி, எல்லாரும் நம்ம கடைக்குத்தான் வருவாங்க" என்றார். வெயிலில் வீடு வீடாக அலைய எனக்கும் சோம்பல். வைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் போனபோது நாற்பத்திரண்டு படிவங்களும் ஒரு கேள்வி விடாமல் நிரம்பியிருந்தன. அன்றைக்கே எக்செல்லில் ஏற்றி, எங்கள் துறையிலேயே பேராசிரியராக இருந்த வழிகாட்டிக்கு அனுப்பினேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அடுத்த மாதம் நேர்காணலுக்குப் போனேன். வாங்கின நைட்டியை ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்று ஒரு பெண்ணைக் கேட்டேன். "அது டைலர் அக்காளுக்குத்தானுங்க தெரியும்" என்றாள். அடுத்த வீட்டிலும் அதே பதில். மூன்றாவது வீட்டிலும் அதையே கேட்டதும் நேராகத் தையல் கடைக்குப் போனேன்.

கூரியர்க்காரர் தோட்டத்துக்குள் வருவதில்லை. அதனால் ஊரே அக்காவின் போனில், அக்காவின் பெயரில், அக்காவின் கடை விலாசத்துக்கு ஆர்டர் போடுகிறது. ஆர்டர் போடுவது அக்கா என்றால் படிவம் நிரப்புவதும் அக்காதானே? "நீயே எழுதிரு அக்கான்னு சொல்லிட்டாளுங்க. நானும் மத்தியானத்துல உக்காந்து எழுதுனேன். எல்லாம் ஒரே கலர்ல இருந்தா உனக்கு நல்லா இருக்காதேன்னு மூணு பேனா மாத்தி எழுதுனேன் சாமி" என்றார். அவர் முகத்தில் கொஞ்சமும் குற்ற உணர்வு இல்லை, எனக்கு உதவி செய்த திருப்திதான் இருந்தது. தப்பு என்னுடையது. மூன்று நிற மையைப் பார்த்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

மறுநாளே வழிகாட்டியிடம் போய், அந்தத் தரவு செல்லாது சார், மறுபடி எடுக்கிறேன் என்று சொன்னேன். கல்லூரிக்குத் தரமதிப்பீட்டுக் குழு வரும் சமயம். மேஜை நிறைய ஃபைல். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "சரி சரி, பாத்துக்கலாம்மா" என்றார். தலை நிமிரவில்லை.

வாரக் கடைசிகளில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தோட்டத்துக்கும் போனேன். நாய் துரத்தியது, முள்ளில் டயர் பஞ்சரானது. ஆனால் அங்கேதான் என் ஆய்வே கிடைத்தது. இணையத்தில் விற்கும் நிறுவனம் தன் கணக்கில் ஒரு வாடிக்கையாளர் என்று வைத்திருப்பது இங்கே ஒரு முழு ஊர். அந்தச் செயலிகளை எழுதியவளுக்கே அது புதுச் செய்தி.

அதை எழுதி முடிக்கும் முன் ஓர் ஆய்விதழில் கட்டுரை ஒன்று வந்தது. என் தலைப்பு, என் கேள்விகள், அந்த நாற்பத்திரண்டு படிவங்கள். முதல் பெயர் வழிகாட்டியுடையது. இரண்டாவது பெயர் அவருடைய மனைவியுடையது. கடைசியில் பொடி எழுத்தில், தட்டச்சு உதவிக்காக எனக்கு நன்றி. தட்டச்சு!

போய்க் கேட்டேன். "உன் தலைப்பு இப்ப பழசாயிடுச்சும்மா. கல்விக்குக் கணினின்னு ஏதாவது புதுசா எடு, நான் இருக்கேன்ல" என்றார். நான்கு வருட உழைப்பை ஒரு காபி குடிக்கும் நேரத்தில் குப்பையில் போட்டார். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் அச்சில் ஏற்றியது எந்தத் தரவு என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். ஒரு முறை சொல்லியாகிவிட்டது, இனி ஊர் சொல்லட்டும் என்றிருந்தது எனக்கு.

இரண்டு மாதத்தில் கல்லூரியில் கருத்தரங்கு. அந்தக் கட்டுரையைத்தான் அவர் வாசிக்கப்போகிறார். எங்கள் கருத்தரங்குகளில் ஒரு வழக்கம் உண்டு. கிராமத்துத் தொழில்முனைவோர் ஒருவரை அழைத்து வந்து குத்துவிளக்கு ஏற்றச் சொல்லி, பொன்னாடை போர்த்திப் படம் எடுப்பார்கள். தரமதிப்பீட்டு ஃபைலில் அந்தப் படம் இருக்க வேண்டும். "நான் ஒருத்தரக் கூட்டிட்டு வரேன் சார்" என்றேன். அவருக்கு நான் அடங்கிவிட்டேன் என்று சந்தோஷம்.

அக்காவிடம் அந்தக் கட்டுரையைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "கிராமப் பெண்கள் தொழில்நுட்பத்தைக் கண்டு கூச்சப்படுகிறார்கள்" என்ற வரி வந்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "ஆருக்குக் கூச்சம்? வாரேன், என்னிக்குன்னு மட்டும் சொல்லு" என்றார்.

அரங்கு நிறைந்திருந்தது. வழிகாட்டியே தன் கையால் அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார். பிறகு அரை மணி நேரம் பேசினார். நாற்பத்திரண்டு பெண்களும் மத்தியானத்திலேயே பொருள் வாங்குகிறார்கள், எல்லோருக்கும் ஒரே பிடித்தம், இது ஆச்சரியமான ஒற்றுமை என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அக்கா பொன்னாடையோடு எழுந்து மைக்கை வாங்கினார். "ஏனுங்க சார், அந்த நாப்பத்திரண்டு பேரும் நான் ஒருத்திதானுங்க. மத்தியானந்தான் எனக்குத் தையல் இருக்காது. அதனால அப்ப ஆர்டர் போடுவனுங்க. உங்க ஃபாரத்தையும் அப்பத்தான் எழுதுனனுங்க. போனக் கண்டு எனக்கென்னங்க கூச்சம்? ஊருக்கே நாந்தானுங்க வாங்கித் தாரேன்."

முன்வரிசையில் மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிறப்பு விருந்தினராக வந்திருந்த வெளியூர்ப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி, "அப்போ உங்க சாம்பிள் ஒரே ஒரு ஆளா?" என்று கேட்டார். வழிகாட்டி என்னைப் பார்த்தார்.

"உங்ககிட்ட அப்பவே சொன்னேன் சார். நீங்க கையெழுத்துப் போட்டுட்டு இருந்தீங்க" என்றேன். ஸ்கூட்டியில் அலைந்து எடுத்த புதுத் தரவின் பிரதியைச் சிறப்பு விருந்தினர் கையில் கொடுத்தேன். என் வழிகாட்டியின் முகம் சுருங்கிய சுருக்கத்தை ஆசை தீரப் பார்த்தேன். அதில் எனக்கு இன்றும் வெட்கம் இல்லை.

வழிகாட்டியும் அவர் மனைவியுமே கட்டுரையை இதழிலிருந்து திரும்பப் பெற்றார்கள். எனக்கு வேறு வழிகாட்டி கிடைத்தார். ஆய்வேட்டைக் கொடுக்கும் நேரத்தில் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒரு சிக்கல். நன்றியுரையில் முதல் வழிகாட்டியின் பங்கையும் குறிப்பிட்டே ஆக வேண்டும், அதுதான் முறை என்றார்கள்.

முறைப்படியே எழுதினேன். முதல் நன்றி நாற்பத்திரண்டு பேருக்காகவும் பதில் எழுதிய தையல் கடை அக்காவுக்கு. அதன் கீழே அவருக்கு: "என் முதல் தரவில் இருந்த பிழையைத் தம் பெயரில் அச்சிட்டு, அதன் பொறுப்பையும் ஏற்றுக்கொண்ட பேராசிரியருக்கு நன்றி." ஆய்வேட்டின் ஒரு பிரதி அந்தக் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.