இந்த இதயம் இன்னும் கேட்கிறதா?

“மீன் வாடியில வளந்த புள்ளைக்கு இதெல்லாம் விளங்குமா? ஒரு போத்தல் சேலைன் ஏத்த இவ்வளவு யோசினையா!”

சொன்னவர் மூதூரில் எங்கள் தெருக்காரர். நான் மாமா என்று கூப்பிடுபவர். அவருடைய மச்சானுக்கு முதல்நாள்தான் இதயத்தில் ஆபரேஷன் நடந்திருந்தது. துறைமுகம் பார்த்த அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் தாதி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

எங்கள் ஊரில் சேலைன் என்றால் சத்து. களைப்புக்கும் அதைத்தான் கேட்பார்கள். மச்சானின் இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. இதயத்துக்கு வந்து சேரும் இரத்தம் போதவில்லை என்றால் சேலைன் காப்பாற்றும். இதயமே சோர்ந்திருந்தால் அதே சேலைன் நுரையீரலில் தேங்கி ஆளைக் கொல்லும்.

மூச்சு இயந்திரம் காற்றைத் தள்ளும்போதெல்லாம் திரையில் நாடி அலை உயர்ந்து தாழ்ந்தது. அப்படி ஆடினால் இதயம் இன்னும் இரத்தம் கேட்கிறது, சேலைன் ஏற்றலாம் என்று படித்திருந்தேன். ஆனால் அலைகளின் இடைவெளி ஒன்றுபோல் இல்லை. துடிப்பே ஒழுங்கு தவறியிருந்தது. அப்படியென்றால் அலையை ஆட்டுவது மூச்சா, துடிப்பா? டொக்டரிடம் ஓடினேன்.

“நல்லாப் பாத்தீங்க மிஸ்ஸி. இந்த அலைய நம்ப ஏலாது. காலத் தூக்கிப் பாப்பம்.”

கால்களை உயர்த்தினால் அங்குள்ள இரத்தம் இதயத்துக்கு ஓடும், இறக்கினால் திரும்பிவிடும். ஒரு சொட்டும் ஏற்றாமலே ஏற்றிப் பார்ப்பது போல. நான் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்திக் கால்பக்கத்தை உயர்த்தினேன். டொக்டர் இதயத்தைத் திரையில் காட்டும் எக்கோ கருவியை நெஞ்சில் வைத்துத் துடிப்புத் துடிப்பாக அளந்தார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாமா பெருங்குரலில் கலிமா சொல்லத் தொடங்கினார். கட்டிலின் கால்பக்கம் மேற்கே இருந்தது. உயிர் பிரியப்போகிறவரை மக்காவின் திசையான கிப்லாவை நோக்கி, மேற்கே கால்நீட்டிக் கிடத்திக் கலிமா சொல்வது எங்கள் வழக்கம். அதற்குத்தான் கட்டிலைச் சரிக்கிறோம் என்று நினைத்துவிட்டார். நான் வெளியே ஓடினேன்.

“மாமா, அவர் மௌத்தாகல்ல! காலத்தான் தூக்கினம்.”

“நெஞ்சில வெட்டிப்போட்டு கால ஏன் புள்ள தூக்குறீங்க?”

“கால் ரத்தத்த நெஞ்சுக்கு அனுப்பிப் பாக்கிறம். நெஞ்சு ஏத்துக்கொண்டா சேலைன். இல்லாட்டி வேற மருந்து.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்ப ஏத்துக்கிச்சா?” உள்ளே திரும்பிப் போய் டொக்டரிடம் கேட்டேன்.

இல்லை. கால் இரத்தம் வந்து சேர்ந்தும் இதயம் வெளியே தள்ளிய அளவு கூடவேயில்லை. டொக்டர் சேலைன் வேண்டாம் என்றார். இதயத்துக்குத் தெம்பு தரும் மருந்தைத் தொடங்கினோம். பொழுது சாய்வதற்குள் அழுத்தம் மெல்ல ஏறியது.

“எண்டாலும் அந்தப் போத்தலச் சும்மாவாவது தொங்க விடுங்களன், பாக்கிற சனத்துக்காக” என்றார் மாமா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் ஒன்று என்னை விடவில்லை. அந்த இதயம் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதைக் கண்ணால் கண்டவர் டொக்டர். நான் கேட்டுத்தான் அறிந்தேன். ஒருவர் பிழைப்பதும் பிழைக்காததும் அந்தத் திரையில் இருக்கும்போது எனக்கு அது போதாது. எக்கோ பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். நேற்று முதல் வகுப்பு. பழகிப் பார்க்க யார் நெஞ்சைத் தருவீர்கள் என்று கேட்டார்கள். கருவியை வாங்கி என் விலா எலும்புகளுக்கு நடுவே நானே வைத்துக்கொண்டேன்.