சாஹுல் ஹமீது நானாவின் பெரல் ரோல்

பேராதனையில், கலஹாவுக்குப் பாதை பிரியும் கலஹா சந்தியில் இருக்கும் சாஹுல் ஹமீது நானாவின் சாப்பாட்டுக் கடையில் "இல்லை" என்ற சொல் விற்பனைக்கு இல்லை. எதைக் கேட்டாலும் "கொஞ்சம் ஈங்க" என்பார். இருங்கள் என்பதைக் கண்டிப் பக்கத்து முஸ்லிம்கள் அப்படித்தான் சொல்வார்கள். நாம் பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் கேட்ட சாமான் எங்கிருந்தாவது வந்து சேரும். மழைக்கு ஒதுங்கியவருக்குக் குடை வரும், தலையிடி என்றவருக்குத் தைலம் வரும். ஒருமுறை ஒரு விரிவுரையாளர் பகிடிக்குப் புட்டு கேட்கப்போய், வீட்டிலிருந்து புட்டுக் குழலே வந்து இறங்கியது.

"இவருக்கிட்ட நிலாவக் கேட்டாலும் கொஞ்சம் ஈங்க எண்டுதான் செல்லுவார்," என்பார் அவர் மனைவி ஹிதாயா ராத்தா. "பொறகு அத எண்ணெயில போட்டுப் பொரிக்கிறது நான்தான்."

கடுகண்ணாவையில், மலை ஏறிவந்த லொறிக்காரர்களுக்குத் தேத்தண்ணி விற்ற தன் வாப்பாவிடம் நானா படித்த தொழில் அது. பசியோடு வந்தவனிடம் இல்லை என்று சொன்னால் அவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான், அதற்குப் பிறகு திரும்பவே மாட்டான் என்று வாப்பா சொல்லியிருந்தாராம். நானா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

என் பெயர் சிந்துஜா. கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பேராதனையில் பட்டம் படித்த காலத்தில் நானாவின் கடைதான் எனக்கு இரண்டாவது வீடு. இப்போது கலஹாப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். எனக்குக் கோபம் கொஞ்சம் கூட என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும், நானா விஷயத்தில் எனக்கு வந்த கோபம் நியாயமானது.

கதை இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் தொடங்குகிறது. நானாவின் கடைக்கு அடுத்தது கணேஸ் அண்ணனின் 'கொமினிகேஷன்'. டெலிபோன், போட்டோகொப்பி, இன்டர்நெட் எல்லாம் ஒரே அறைக்குள் இருந்தால் எங்கள் நாட்டில் அதற்கு அந்தப் பெயர்தான். இரண்டு கடைகளுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். எல்லார் கையிலும் போன் வராத காலம் அது. கூகிளைப் பார்க்க வேண்டுமென்றால் கணேஸ் அண்ணனின் கதிரையில் போய்த்தான் உட்கார வேண்டும்.

கணேஸ் அண்ணனும் கலஹாக்காரர். சும்மா இருக்கும் நேரமெல்லாம் கூகிளின் குறும்புகளைத் தேடிப் பிடிப்பார். ஒரு ஆங்கிலச் சொல்லை அடித்தால் பக்கம் முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கும். இன்னொன்றை அடித்தால் எங்கிருந்தோ வட்டங்கள் இறங்கி வந்து தேடிக் கிடைத்ததையெல்லாம் தின்று தீர்க்கும். ஒற்றைக் கொம்புக் குதிரைக்கு எத்தனை கொம்பு என்று கேட்டால் கணக்குப் போடும் பெட்டி வந்து மிகவும் சீரியஸாக 'ஒன்று' என்று காட்டும். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இன்றைக்கு என் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் "அவ்வளவுதானா டீச்சர்?" என்கிறார்கள். எங்களுக்கு அது பெரிய அதிசயம். எங்கோ ஒரு நாட்டில், பெரிய கம்பனியில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர், யாரும் கேட்காமலே எங்களுக்காக ஒரு பகிடியை ஒளித்து வைத்திருக்கிறார் என்று தோன்றும்.

ஒரு நாள் பின்னேரம் நானும் என் அறைத்தோழி ஷஹ்மாவும் அங்கே உட்கார்ந்திருந்தோம். கணேஸ் அண்ணன் ஒரு புதிய வித்தை சொல்லித் தந்தார். 'டூ எ பெரல் ரோல்' என்று அடிக்க வேண்டும். அடித்தால் பக்கம் அப்படியே ஒரு குட்டிக்கரணம் அடித்து நேராக வந்து நிற்கும். ஷஹ்மாவுக்கு அது போதவில்லை. "அடிங்க சிந்து, இன்னொருக்கா! டூ எ பெரல் ரோல்! டூ எ பெரல் ரோல்!" என்று கதிரையில் இருந்தபடியே கத்தினாள். அவள் கத்தல் பலகைச் சுவரைத் தாண்டிப் போனது எங்களுக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் நானா ஒரு தட்டோடு வாசலில் வந்து நின்றார். தட்டில் இரண்டு ரோல். வழக்கமாக அவர் கடையில் இருக்கும் ரோல்ஸ் விரல் நீளத்துக்கு ஒல்லியாக இருக்கும். இவையோ நடு வயிறு உப்பி, இரண்டு பக்கமும் ஒடுங்கி, தண்ணீர் பிடித்து வைக்கும் பெரலின் குட்டிகள் போல இருந்தன.

"மன்னிக்கோணும் புள்ளயள், சுணங்கிட்டு," என்றார். "ரெண்டு பெரல் ரோல் கேட்டீங்க. நம்மட கடையில அந்தச் சாமான் இதுவரைக்கும் ஈக்க இல்ல. பேர வெச்சித்தான் ஒரு குத்துமதிப்பா செஞ்ச. உள்ளுக்கு முட்டையும் கெழங்கும். மொதல் தரம் செய்ததுக்குக் காசு வாங்க மாட்டன், தின்னு பாத்துச் செல்லுங்க."

'செய்' என்ற 'டூ' அவர் காதில் இரண்டாக விழுந்திருக்கிறது. நாள் முழுவதும் டூ ரோல்ஸ், டூ டீ என்று ஓடர் கேட்கும் மனிதரின் காது வேறெப்படிக் கேட்கும்? கணேஸ் அண்ணன் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். ஷஹ்மா மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொன்றை எடுத்துத் தின்றோம். ஒரு துணுக்கு மிச்சம் வைக்கவில்லை.

"சரியா வந்திருக்கா?" என்று கேட்டார் நானா.

"இதத்தான் நானா கேட்டோம்," என்றேன் நான்.

மறுநாள் கண்ணாடிப் பெட்டியில் பெரல் ரோலுக்குத் தனித் தட்டு. பிறகு சுவரில் மூன்று மொழியிலும் பெயர் எழுதிய பலகை. பெடியன்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பெயரின் கதை தெரிந்து வந்தவர்கள் ருசிக்காகத் திரும்பி வந்தார்கள். ஆட்கள் அவரை 'பெரல் ரோல் நானா' என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். யாரும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. ஒரு வருடத்து மாணவர்கள் போகும்போது அடுத்தவர்களிடம் சொல்லிவிட்டுப் போவார்கள்: நானாவிடம் வாய் திறக்காதே.

நாங்கள் கம்பியூட்டர் முன்னால் இருந்து கேட்டதால், நானாவோ அது அதிலிருந்து வந்த வெளிநாட்டுச் சாமான் என்று நம்பினார். சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள் அது என்னவென்று கேட்டால் அவருக்குப் பரிதாபமாகிவிடும். "பாவம், அவங்கட ஊர்ச் சாப்பாடே அவங்களுக்குத் தெரிய இல்ல," என்று எங்களிடம் சொல்வார்.

இந்த வருடம் கொழும்பிலிருந்து அஹ்னாப் என்றொரு பையன் வந்தான். கடை கடையாகச் சாப்பிட்டு வீடியோ போடுகிறவன். அவனுக்கு யாரோ கதையைச் சொல்லியிருக்க வேண்டும். கமராவை நானாவின் முகத்துக்கு நேரே வைத்து, இது எப்படி வந்தது என்று கேட்டான். நானா பெருமையோடு சொல்லச் சொல்ல, தன் போனில் அந்தச் சொற்களை அடித்துக் காட்டினான். பக்கம் குட்டிக்கரணம் அடித்தது. "நானா, இது சாப்பாடு இல்ல, கூகிள்ட பகிடி. இவ்வளவு காலமும் உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க!" என்று அவன் சிரித்த சிரிப்போடு வீடியோ முடிந்தது. அந்த நேரத்து நானாவின் முகத்தைக்கூட அவன் வெட்டி எடுக்கவில்லை. அடி வாங்கிய முகம் அது.

ஆசிரியர் அறையில் அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊர் வாய் கட்டிக் காத்த ஒன்றை இந்தச் சுண்டெலி வந்து கடித்துப் போட்டுவிட்டதே! பின்னேரம் கணேஸ் அண்ணன் போன் எடுத்தார்.

"நானா பெரல் ரோல் செய்றத நிப்பாட்டிட்டாரு தங்கச்சி. பலகையையும் கழட்டிட்டாரு. என்னோட பேசுறதே இல்ல. நீ வந்து பேசிப் பாரு."

சனிக்கிழமை கலஹாவிலிருந்து பஸ் ஏறிச் சந்திக்கு வந்தேன். கண்ணாடிப் பெட்டியில் பெட்டிஸ் இருந்தது, வடை இருந்தது. பெரல் ரோல் தட்டு இல்லை. நானா காசு மேசையில் இருந்தார்.

"வாங்க டீச்சர், இருங்க," என்றார்.

நான் வேலைக்குப் போன பிறகும் என்னை 'மகள்' என்றே கூப்பிட்ட மனிதர். அந்த 'டீச்சர்' என் நெஞ்சில் குத்தியது. 'ஈங்க' கூட 'இருங்க' ஆகிவிட்டது.

"நானா, ஒரு பெரல் ரோல்," என்றேன்.

"இல்ல," என்றார்.

உள்ளே பொரித்துக்கொண்டிருந்த ஹிதாயா ராத்தா கரண்டியோடு எட்டிப் பார்த்தார். அந்தச் சொல்லை அவரும் அந்தக் கடையில் கேட்டிருக்க மாட்டார்.

நான் விடவில்லை. கணேஸ் அண்ணனின் கடைக்கு வரச் சொல்லி வற்புறுத்தினேன். வர மாட்டேன் என்றார், பிறகு வந்தார். கதிரையில் உட்கார வைத்து, சொற்களை அடித்துக் காட்டினேன். அன்றைக்கு அந்தப் பையன் காட்டியபோது வெட்கத்தில் சரியாகப் பார்க்கவில்லையாம். பக்கம் சுற்றி வந்து நின்றது. இன்னொரு தரம் காட்டச் சொன்னார்.

"இவ்வளவுதானா?" என்றார். "இதுக்கா ஊரே என்னப் பாத்துச் சிரிச்ச?"

"ஊரு சிரிக்கல நானா," என்றார் கணேஸ் அண்ணன். "உங்க மனசு நோகக் கூடாதுன்னு தான் சொல்லல."

"அதத்தான் நானும் செல்றன். பைத்தியக்காரனுக்கிட்டதான் அப்பிடி மறைக்கிறது." என் பக்கம் திரும்பினார். "நீங்க செல்லுங்க டீச்சர். அன்னைக்கு நான் தட்ட நீட்டின நேரம், இது நாங்க கேட்ட சாமான் இல்ல எண்டு ஒரு வார்த்த செல்லி ஈந்தா முடிஞ்சி. ஏன் செல்ல இல்ல? நான் போன பொறகு ரெண்டு பேரும் சிரிச்சீங்கதானே?"

அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பதில்தான். நான் யாரிடமும் சொல்லாத பதில் அது. வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

"சிரிக்கல நானா. சிரிக்கிற நெலமையில நாங்க இருக்கல. அதுக்கு மொத நாள் பகலுக்குப் பொறகு நான் ஒன்னும் சாப்புடல. வீட்டுல கேக்க வழி இல்ல. நான் சாப்புடாம தானும் சாப்புட மாட்டேன்னு ஷஹ்மா வேற பட்டினி. நானும் நம்ம ஊருப் புள்ளைங்கிறதால கணேஸ் அண்ணன் சும்மா உக்கார விட்டாரு. பசிய மறக்கத்தான் அத அடிச்சி அடிச்சிப் பாத்துக்கிட்டிருந்தோம். நீங்க தட்டோட வந்து நின்னதும், இது பிழையான ஓடர்னு சொன்னா எங்க திருப்பிக் கொண்டு போயிருவீங்களோன்னு பயந்தேன்."

கணேஸ் அண்ணனுக்கும் அது புதுச் செய்தி. கையில் இருந்த கடதாசிக் கட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவில்லை. என் வாழ்க்கையில் அதைவிட ருசியான ஒன்றை நான் தின்றதே இல்லை என்பதையும் அழுதுகொண்டே சொன்னேன்.

நானா சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"ரெண்டு பேருமா பசியில ஈந்தீங்க?"

"ரெண்டு பேரும்."

"அப்ப எனக்குக் கேட்டது சரிதான் மகள்," என்றார்.