கடல் ஏறுவதற்குள்

மணலில் புதைந்த வண்டியை எப்படி வெளியே எடுப்பது என்பது எனக்குத் தெரியும். தூத்துக்குடி உப்பளங்களில் பத்தொன்பது வருடம் லாரி ஓட்டியவன் நான். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. என் மனைவி நர்ஸ். அவள் வேலைதான் எங்களை டெக்சாஸுக்குக் கொண்டுவந்தது. ஆறு வருடமாக இர்விங்கில் இருக்கிறோம். இங்கே ஓட்டுவது வீட்டுக் கார் மட்டும்தான். ஒரு இந்தியக் கடையில் சரக்கு அடுக்குகிறேன். அதிகம் பேச வேண்டாத வேலை என்பதால் பிடித்திருக்கிறது.

போன கோடையில் பிளானோவில் இருக்கும் என் மச்சினன், மனைவியின் தம்பி, எங்களை அலாஸ்காவுக்குக் கூப்பிட்டான். அவன் இன்ஜினியர். அவனும் அவன் மனைவியும், நாங்கள் இருவரும் விமானத்தில் போய் இறங்கி, அங்கே ஒரு மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்தோம். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற முப்பதடி வண்டி. மச்சினன்தான் ஓட்டினான். ஓட்டுகிறீர்களா என்று அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வலது பக்கம் கடல், கடலுக்கு அப்பால் பனி மலைகள். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை மிதித்தான். நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலை, சாலை ஒரு கடற்கரையில் போய் முடிந்தது. மணலில் டயர்த் தடங்கள் தெரிந்தன.

"உள்ளயே இறக்கிடலாம். இன்னைக்கு தோசை, வித் சீ வியூ!" என்று மச்சினன் வண்டியை மணலில் விட்டான். கடல் அரை மைல் தள்ளிக் கிடந்தது, அதன் விளிம்பில் ஒரு கறுப்புப் பாறை.

அவர்கள் அடுப்பைப் பற்ற வைத்தபோது நான் இறங்கி நடந்தேன். வண்டிக்குப் பக்கத்தில் என் இடுப்புயரத்துக்கு ஒரு பாறை. உச்சி வரைக்கும் சிப்பிகள் ஒட்டியிருந்தன. தொட்டேன், ஈரம். திரும்பிப் பார்த்தால், கரைமேட்டின் அடியில் ஈரப் பாசி ஒரு நீளக் கோடாக ஒதுங்கியிருந்தது. அந்தக் கோட்டுக்கு வெகுவாகக் கீழே நின்றது எங்கள் வண்டி.

எங்கள் ஊர்க் கடல் ஏறினால் முழங்கால் அளவு ஏறும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கடல் கிடக்கிற இடத்திலேயே கிடக்கும் என்றுதான் தோன்றும். இந்தக் கடல் அப்படியில்லை.

உள்ளே வந்தேன். சொல்ல வேண்டும். ஒரு தோசையைத் தின்று முடிக்கும் வரை வாய் வரவில்லை. அந்த ஒரு தோசை நேரத்துக்காக இன்றும் என்னை நொந்துகொள்கிறேன்.

"மாப்ளே, கடல் இங்க வரைக்கும் ஏறும்போல இருக்கு."

அவன் சிரித்தான். "அத்தான், அது எங்கயோ இருக்கு. இது வெக்கேஷன், ரிலாக்ஸ் பண்ணுங்க."

"ஏலே, அவரு வாயத் தொறக்கதே வருசத்துக்கு ரெண்டு தடவ. கேளு" என்றாள் என் மனைவி.

"சாப்பிட்டுட்டுப் போலாம்க்கா."

அவன் மனைவி தட்டோடு கதவருகே போனாள். "ஏங்க, அந்தக் கறுப்புப் பாறை எங்க? இப்பதானே அங்க இருந்துது?"

தூரத்தில் தெரிந்த அந்தப் பாறை தண்ணீருக்குள் போயிருந்தது. அலை, சத்தம் எதுவும் இல்லை. தட்டையான மணலில் தண்ணீர் நடக்கிற வேகத்தில் வந்துகொண்டிருந்தது.

மச்சினன் ஓடிப்போய் ஸ்டார்ட் செய்தான். ரிவர்ஸ் போட்டு ஆக்சிலேட்டரை அழுத்தினான். பின்சக்கரங்கள் சுழன்று மணலை வாரி இறைத்தன. இன்னும் அழுத்தினான். பாதிச் சக்கரம் உள்ளே போய்விட்டது.

நான் கண்ணாடியைத் தட்டினேன். "காலை எடு. எறங்கு."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவன் இறங்கிவிட்டான்.

"வண்டிய இழுக்க டோ ட்ரக்குக்கு போன் பண்றேன்."

"அவன் வரதுக்குள்ள கடல் வந்துரும். தட்டை எடுத்துட்டு வா, தோண்டு."

ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தட்டுகள். மச்சினனும் அவன் மனைவியும் மண்டியிட்டுச் சக்கரங்களுக்குப் பின்னால் சரிவாகத் தோண்டினார்கள். நான் ஒரு குச்சியால் டயர் வால்வை அழுத்திக் காற்றை இறக்கினேன்.

"அண்ணா, காத்த இறக்கறீங்களே! இன்னும் மோசமாயிடாதா?"

"டயர் பரந்து உக்காரும்மா. ஒட்டகத்துக்குக் கால் இருக்குல்ல, அப்படி."

வாசலில் விரிக்கிற பிளாஸ்டிக் பாயை மடித்து ஒரு பக்கச் சக்கரங்களுக்கும், கரையில் ஒதுங்கிக் கிடந்த பலகைகளை மறுபக்கத்துக்கும் கொடுத்தேன். அதற்குள் முன்சக்கரத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டது. மற்றவர்களை மேட்டுக்குப் போகச் சொன்னேன். என் மனைவி மட்டும் பின்பக்கம், கண்ணாடியில் எனக்குத் தெரிகிற இடத்தில், ஒதுங்கி நின்றாள்.

ஸ்டீயரிங்கைத் திருப்பவில்லை. வந்த தடத்திலேயே திரும்பிப் போக வேண்டும். காலை மெதுவாக வைத்தேன். வண்டி அசைந்தது, நின்றது. விட்டேன். மறுபடி வைத்தேன். பலகை முறியும் சத்தம் கேட்டது. காலை எடுக்கவில்லை.

"வரலாம், வரலாம்! நேரா வரலாம்! நிப்பாட்டிராதீய!" என்று கத்தினாள், என் லாரியில் பத்து வருடம் கிளீனராக இருந்தவள்போல.

பின்சக்கரங்கள் பாயின் மேல் ஏறின. அதன் பிறகு நான் எங்கேயும் நிறுத்தவில்லை. பாசிக் கோட்டைத் தாண்டி, மேடேறி, தார்ச் சாலையில் போய்த்தான் நின்றேன்.

இறங்கி வந்து பார்த்தபோது நாங்கள் தோசை சுட்ட இடத்தில் தண்ணீர் நின்றது. சிப்பிப் பாறையின் தலை மட்டும் தெரிந்தது. மச்சினன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கையில் வளைந்துபோன ஒரு தட்டு.

"அத்தான், இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றேன். "நீயும் இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம்."

அவன் தலையாட்டினான். சாவியைக் கேட்கவில்லை. வாடகைக் கம்பெனிக்குப் போன் செய்து என் பெயரையும் டிரைவராகச் சேர்க்கச் சொன்னான். நடுவில் போனைக் கையால் மூடிக்கொண்டு, "எத்தனை வருஷ எக்ஸ்பீரியன்ஸ்னு கேக்கறாங்க" என்றான்.

"ஊர்ல பத்தொம்பது, இங்க ஆறு. இருபத்தஞ்சுன்னு சொல்லு."

எல்லோரும் ஏறி பெல்ட் போடும் வரை காத்திருந்தேன். காற்றுக் குறைந்த டயர், அதனால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை மெதுவாகத்தான் போனேன். பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. போகட்டும் என்று விட்டேன்.