பின்வாசலில் ஒரு கையெழுத்து

சூசைநாதனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் பின்பக்கத்து இங்கிலீஷ்தான். திண்டிவனத்தில் படித்த மூன்று வருஷமும் பேக் பெஞ்ச். மாதா கோயிலில் அவன் தெருக்காரர்களுக்கு லாஸ்ட் வரிசை. விழுப்புரம் போகும் வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் போர்ட்டர் வேலை கிடைத்தபோது, ஸ்டேஷன் மாஸ்டர் வேங்கடேசன் முதல் நாளே பின்வாசல் பக்கம் விரலை நீட்டினார்: "உனக்கு ரியர் டோர்." சேரிக்காரன் முன்வாசலில் கால் வைத்தால் தீட்டாம். அதே வாசலில் தெருநாய் படுத்துக் கிடந்தது; அதை ஒருவரும் விரட்டவில்லை.

வேலையும் பின்பக்கத்து வேலைதான். வண்டி கடக்கும்போது கடைசிப் பெட்டியில் டெயில் போர்டு என்னும் பலகை தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தொங்கினால், வழியில் பெட்டி எதுவும் கழன்று நிற்கவில்லை என்று அர்த்தம். பின்வாசலில் இருக்கும் நோட்டில் அவன் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த வண்டிக்கு வழி விடலாம்.

1941இல் ஒரு மத்தியானம், சோதனைக்கு வந்த வெள்ளைக்கார துரை நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். கூட்ஸ் வண்டி கடந்தது. அதன் பின்னால், முந்தின ஸ்டேஷனில் மெயில் வண்டி காத்திருந்தது. அங்கிருந்து வழி கேட்டு மணி விடாமல் அடித்தது.

"ஜல்தி வாடா!" என்று வேங்கடேசன் பதறினார். "முன்னால வந்து கையெழுத்துப் போடு!"

பதினோரு வருஷத்துக் கோபம். சூசைநாதன் பின்வாசலைவிட்டு நகரவில்லை.

"டெயில் போர்டைப் பாத்துட்டேன் சார். ரியர் டோர்லதான் நிக்கிறேன். நோட்டை இங்க எடுத்துக்கினு வாங்க."

துரை திரும்பிப் பார்த்தார். வேங்கடேசன் நோட்டைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தார். சூசைநாதன் தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினான், அவசரமே இல்லாமல்.